142 அடின்னா, எதிலிருந்து 142 அடி?

சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, பெரியாறு அணை 142 அடின்னு பேப்பர்ல தினமும் போடுறான். எதிலிருந்து 142 அடி? கடல் மட்டத்திலிருந்தா, அணையின் அடிவாரத்திலிருந்தா?"

எங்க பள்ளத்தாக்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டாங்க. டீக்கடையில் பேப்பரைப் பிரிச்சதும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். "118 நிக்குது", "இன்னிக்கு 121"ன்னு சொன்னாலே எல்லாருக்கும் புரிஞ்சிடும். ஆனா எதிலிருந்துன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. தம்பி கேட்டது நல்ல கேள்விதான்.

சுருக்கமான பதில் இது: அணை கட்டின இடத்தில் பெரியாற்றின் படுகை எங்கே ரொம்ப ஆழமோ, அந்தப் புள்ளிதான் சைபர். அங்கிருந்து மேலே எண்ணினால் 142. கடல் மட்டத்தோடு சம்பந்தமில்லை. அணையின் அஸ்திவாரத்தோடும் சம்பந்தமில்லை. அதனால்தான் அணையின் உயரம் 176 அடின்னு ஒரு இடத்தில் எழுதியிருக்கும், தண்ணீர் 152 அடிதான் தேக்கலாம்னு இன்னொரு இடத்தில் எழுதியிருக்கும். 176 அஸ்திவாரத்தின் அடியிலிருந்து எண்ணியது. 152 ஆற்றுப் படுகையிலிருந்து எண்ணியது.

நீளமான பதிலுக்கு ஒரு வரைபடத்தை விரிக்கணும்.

இந்திய நில அளவைத் துறை அச்சடிக்கும் டோப்போ ஷீட்டுகளில் பழைய எண் 58 ஜி/2, அதுக்குக் கீழே 58 ஜி/3. இந்த ரெண்டு தாளையும் மேலும் கீழுமா ஒட்டி வச்சா தேக்கடி ஏரியும் அதைச் சுத்தின காடும் கிடைச்சிடும். ரெண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் கணக்கு. எங்க கம்பம் பக்கத்துத் தாளில், 58 ஜி/6-ல், இருக்கு. நாங்க குடிக்கிற தண்ணி ஒரு தாளில், குடிக்கிற நாங்க இன்னொரு தாளில்.

முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு அந்த ஏரியோட உருவம் விநோதமா இருக்கும். எங்க ஊர்க் கண்மாய் அரை வட்டமா இருக்கும். ஒரு பக்கம் கரை, மறுபக்கம் தண்ணி சன்னமா முடியும். இது அப்படி இல்லை. விரல் விரலா, கிளை கிளையா, மான் கொம்பு மாதிரி பிரிஞ்சு கிடக்கு. காரணம் லேசானதுதான். அது ஏரியே இல்லை, முங்கிப்போன பள்ளத்தாக்கு. பெரிய ஆறு ஒரு விரல், முல்லையாறு ஒரு விரல், அதில் வந்து விழுந்த ஓடைகள் ஒவ்வொண்ணும் ஒரு சின்ன விரல். தண்ணிக்கு நடுவில் தீவு மாதிரி தெரிவதெல்லாம் பழைய குன்றுகளோட தலை.

நீலத்தைச் சுத்திப் பச்சை, காடு. பச்சைக்கு மேலே பழுப்பு நிறத்தில் நெருக்கமா ஓடுற கோடுகள்தான் சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை எல்லாம் சேர்த்து இழுத்த கோடு. கோடுகள் நெருங்கியிருந்தா செங்குத்து, விலகியிருந்தா சமதளம். தெற்கே போகப் போக நெருக்கம் கூடும். கோட்டைமலை 2,019 மீட்டர். கிழக்கே ஏரியை ஒட்டி ஒரு முகடு ஓடுது. மாநில எல்லையும் அந்தப் பக்கமாகவே ஓடுது. கண்ணகி கோயில் இருக்கிற மங்கலதேவி மலை அந்த முகட்டில்தான், 1,337 மீட்டர். முகட்டைத் தாண்டினதும் கோடுகள் ஒண்ணு மேலே ஒண்ணு ஏறி நிக்கும். அது குமுளி மலைச்சாலை இறங்குற இடம். லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு நாலு குழாய் இறங்குதே, கூடலூர் வர்றப்ப பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீங்க, அதே சரிவு.

இந்தத் தாளில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம். இப்ப தம்பியோட கேள்விக்கு வருவோம். 136 அடியா, 142 அடியா, 152 அடியான்னு ரெண்டு மாநிலமும் நாற்பது வருஷத்துக்கு மேலா மல்லுக்கட்டுதே, அந்த 136-க்கும் 152-க்கும் வித்தியாசம் 16 அடி. மீட்டரில் அஞ்சு கூட இல்லை. ரெண்டு பழுப்புக் கோட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் கால்வாசி கூட வராது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன சண்டைக்கு இந்த வரைபடத்தில் ஒரு கோடு கிடையாது.

அந்தக் கோடு வேற ஒரு வரைபடத்தில் இருக்கு. அதுக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

மேற்கே போற பெரியாற்றுத் தண்ணியைக் கிழக்கே திருப்பி வைகையில் விடலாம்ங்கிற யோசனை வெள்ளைக்காரனோடது இல்லை. 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, விவரம் தெரிஞ்ச பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். முடியும், ஆனா செலவு தாங்காதுன்னு அவங்க திரும்பி வந்தாங்க. வைகையின் கடைசி மடையில் இருக்கிற ராமநாதபுரத்துக்காரருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. தலைமடைக்காரன் ஆத்தைப் பார்ப்பான். கடைமடைக்காரன்தான் ஆறு எங்கிருந்து வருதுன்னு பார்ப்பான்.

1808-ல் மதராஸ் பொறியாளர் படையின் காப்டன் கால்டுவெல் வந்தார். மட்டம் பார்த்துக் கணக்குப் போட்டதில், முகட்டை நூறு அடி ஆழத்துக்கும் மேலே வெட்டினால்தான் தண்ணி இந்தப் பக்கம் வரும்னு தெரிஞ்சது. இது வெறும் பகல் கனவு, இனிமே இதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்னு அறிக்கை எழுதிட்டுப் போயிட்டார்.

அவருக்குப் பின்னாடி 1816 முதல் 1820 வரை லெஃப்டினன்ட் வார்டும் லெஃப்டினன்ட் கானரும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் முழுக்க அளந்தாங்க. (கொடைக்கானல் மலையில் ஏறி அளந்த வார்டும் இதே ஆள்தான்.) அந்தக் காலத்து வரைபடங்களில் மலையைக் காட்ட இன்னிக்கு மாதிரி உயரக் கோடு போடுறது வழக்கமில்லை. சரிவு இருக்கிற பக்கம் மயிர் மயிரா கோடு இழுத்து நிழல் போடுவாங்க. பார்க்க ரொம்ப அழகா இருக்கும், மலை எழுந்து நிக்கிற மாதிரி. ஆனா அது எங்கே செங்குத்துன்னு சொல்லும், எவ்வளவு உயரம்னு சொல்லாது. பாதை போடுறவனுக்கு அது போதும். தண்ணி கொண்டுபோறவனுக்குப் போதாது. தண்ணி அழகைப் பார்த்து ஓடாது, மட்டத்தைப் பார்த்துத்தான் ஓடும்.

இதை நகரத்தில் இருக்கிறவங்களுக்கு எப்படி விளக்குறது? உங்க மனைக்கு எஃப்எம்பி ஸ்கெட்ச் வாங்கியிருப்பீங்க. அதில் நாலு பக்கமும் எத்தனை மீட்டர்னு இருக்கும், உயரம் இருக்காது. அதை வச்சு வீட்டுக்குச் சுத்துச்சுவர் கட்டிடலாம், ஆனா மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ல முடியாது. நாத்து நடுறதுக்கு முன்னாடி வயலை உழுது, தண்ணி நிறுத்தி, பரம்படிப்போம். பரம்பு சரியா அடிக்கலேன்னா தண்ணி நின்னதும் அங்கங்கே மேடு தலை நீட்டும். அந்த மேட்டைச் சுத்தித் தண்ணி ஒரு வளைவு போட்டு நிக்குது பாருங்க, அதுதான் சம உயரக் கோடு. எந்த சர்வேயரும் வேண்டாம், தண்ணியே வரைஞ்சு காட்டிடும். தண்ணி வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கோட்டை வரையணும்னாதான் வேலை. மட்டம் பார்க்கிற கருவியை ஒரு இடத்தில் நிறுத்தி, அளவுகோலை ஒரு ஆள் தூக்கிக்கிட்டுப் போய் எதிரே பிடிக்கணும். குறுக்கே மரமும் புதரும் மறைச்சா வெட்டி வழி விடணும். காட்டில் ஒரு ஓடை உள்ளே போனா கோடும் உள்ளே போய்த் திரும்பி வரணும். அட்டைப்பூச்சி, யானை, மலேரியாக் காய்ச்சல், வருஷத்தில் பாதி மாசம் மழை. அளவுகோலைப் பிடிச்ச ஆளுங்க பேரு எந்த வரைபடத்திலும் இல்லை.

கால்டுவெல் கைவிட்டதுக்கும் பென்னிகுக் கட்டியதுக்கும் நடுவில் யோசனை மாறிய இடம் ஒண்ணு இருக்கு. ஆத்துத் தண்ணி இருக்கிற மட்டத்திலேயே அதை முகட்டுக்கு அப்பால் கொண்டுபோகணும்னா மலையை ஆழமா வெட்டணும். ஆத்தையே மேலே தூக்கிட்டா? அணையைக் கட்டினா தண்ணி பின்னாடி ஏறும். ஏறி, பக்கத்து ஓடைப் பள்ளங்களில் எல்லாம் புகுந்து, தானே முகட்டோட காலடிக்கு வந்து நிக்கும். அணை எவ்வளவு உயர்ந்தா அவ்வளவுக்குக் குடைய வேண்டியது குறையும். 1867-ல் காப்டன் ரைவ்ஸ் 62 அடி மண் அணைக்குத் திட்டம் கொடுத்தார். கடைசியில் பென்னிகுக் கையில் அது 152 அடி தண்ணி நிறுத்துற சுண்ணாம்பு சுர்க்கிக் கல் அணையா மாறியது. குடைஞ்ச சுரங்கம் ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

வரைபடத்தில் இதை அப்படியே பார்க்கலாம். அணை இருப்பது ஏரியோட மேற்கு மூலையில். தண்ணி எடுக்கிற வாய் இருப்பது வடக்கே தேக்கடியில், படகு ஏறுற இடத்துக்குப் பக்கம். நடுவில் பல மைல். அந்தத் தேக்கடி விரல் வடக்கே நீண்டு முகட்டைத் தொடப் போகுது பாருங்க. அந்த விரல் நுனிக்காகத்தான் மொத்த ஏரியும். முல்லையாறு, பெரியாறு, மீதி விரல்கள், 26 சதுர கிலோமீட்டர் தண்ணி, எல்லாம் இந்த ஒரு விரல் நுனியை அந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கத்தான்.

இப்ப அந்த இன்னொரு வரைபடம்.

1886 அக்டோபர் 29-ம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா சார்பில் திவான் ராமய்யங்காரும், பிரிட்டிஷ் தரப்பில் ரெசிடென்ட் ஹானிங்டனும் ஒரு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாங்க. 999 வருஷக் குத்தகை, அந்த வருஷம் ஜனவரி 1 முதல். ஏக்கருக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கருக்கு வருஷம் 40,000 ரூபாய்.

நம்ம ஊர்ப் பத்திரத்தில் சொத்து விவரம் எப்படி எழுதுவோம்? செக்குபந்தின்னு போட்டு, வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே ஓடை, மேற்கே இன்னார் தோட்டம். 1886 பத்திரத்தில் நாலு பக்கத்துக்கும் ஒரே எல்லைதான்: அணை கட்டப்போகிற இடத்தில் ஆற்றுப் படுகையின் ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் ஓடும் சம உயரக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதெல்லாம் குத்தகை நிலம். பத்திரத்தோடு ஒரு வரைபடம் இணைச்சு, அந்த நிலத்துக்கு நீல வண்ணம் பூசியிருக்காங்க.

நீலம்! அணைக்கு அப்ப ஒரு கல் கூட வைக்கலை. வேலை தொடங்கினது 1887-ல். கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவச்சது 1895 அக்டோபரில். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே, யானை நடந்துகிட்டிருந்த காட்டில், காகிதத்தில் ஏரி நிரம்பிடுச்சு. எங்க தாத்தன் பூட்டனெல்லாம் பென்னிகுக்கைக் கும்பிடுறதுக்கு முன்னாடி, இந்த நீலச் சாயம் பூசுன பேர் தெரியாத டிராஃப்ட்ஸ்மேனுக்கும் ஒரு கும்பிடு போட்டிருக்கலாம்.

இந்தப் பத்திரத்தைப் பத்தி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதை சொல்வாங்க. மகாராஜா விசாகம் திருநாள், "என் இதய ரத்தத்தால் கையெழுத்துப் போடுகிறேன்"னு சொல்லிப் போட்டாராம். விசாகம் திருநாள் 1885 ஆகஸ்ட்லேயே காலமாயிட்டார். 1886-ல் பட்டத்தில் இருந்தது மூலம் திருநாள், கையெழுத்துப் போட்டது திவான். நம்ம பக்கமும் இதுக்குச் சளைச்சதில்லை, பென்னிகுக் பொண்டாட்டி நகையை வித்துக் கட்டினார், இங்கிலாந்தில் இருந்த சொத்தையெல்லாம் வித்தார்னு வீட்டுக்கு வீடு கதை இருக்கு. அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல் நாங்க பொங்கல் வைக்கிறோம், லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கு. அவரை மதிக்க அவர் செஞ்ச வேலையே போதும், நகைக் கதை தேவையில்லைங்கிறது என் கட்சி.

பத்திரத்தில் நான் ரசிக்கிற சொல் இன்னொண்ணு: "எட்டாயிரம் ஏக்கர் அல்லது ஏறத்தாழ". காட்டுக்குள்ளே ஓடுற கோட்டை வச்சுப் பரப்பைக் கணக்குப் போட்டா ஏறத்தாழத்தான் வரும். ஒரு விரலை விட்டுட்டா நூறு ஏக்கர் போச்சு. 1970-ல் தமிழ்நாடும் கேரளாவும் புது ஒப்பந்தம் போட்டு வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயா உயர்த்தினாங்க. அப்ப கணக்கில் வந்த பரப்பு 8,500 ஏக்கருக்கும் மேலே. அணை வேலைக்குன்னு தனியா கொடுத்த 100 ஏக்கரைச் சேர்த்தாலும், பழைய "ஏறத்தாழ"வுக்குள்ளே நானூறு ஏக்கருக்கு மேல் ஒளிஞ்சிருந்திருக்கு. தமிழ்நாடு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வாடகை கட்டுது. அதே 1970-ல் ஏரியில் மீன் பிடிக்கிற உரிமை கேரளாவுக்குப் போனது, மின்சாரம் எடுக்க நமக்கு அனுமதி வந்தது. (தண்ணி பாசனத்துக்கு மட்டும்தான், மின்சாரத்துக்கு இல்லைன்னு 1941-ல் ஒரு நடுவர் தீர்ப்பு இருந்தது. அது தனிக் கதை.)

நீலம் பூசின இடம் வெறும் இடமா இருந்ததா? இல்லை. மன்னான், பளியர் மக்கள் அந்தக் காட்டில்தான் வாழ்ந்தாங்க. மன்னான்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மலை ஏறினவங்கன்னு அவங்க வாய்மொழி சொல்லுது. இன்னிக்கு மன்னாக்குடி, பளியக்குடின்னு குமுளியை ஒட்டிக் காட்டோரத்தில் இருக்காங்க. மூங்கில் தெப்பத்தில் ஏரிக்குள்ளே போய் மீன் பிடிக்கிறவங்க அவங்கதான். ஆனா 1886 பத்திரத்தில் ரெண்டே தரப்புதான், அதில் அவங்க இல்லை. எத்தனை குடி, எத்தனை தடம், எத்தனை சாமி அந்தக் கோட்டுக்குக் கீழே போச்சோ.

மரங்கள் மட்டும் இன்னும் நிக்குது. தேக்கடிப் படகில் போனவங்க எல்லாரும் படம் எடுத்திருப்பீங்க, தண்ணிக்கு நடுவில் கரிச்ச கட்டையா, உச்சியில் நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். நூத்து முப்பது வருஷத்துக்கு முன்னாடி முங்கிப்போன காட்டோட மிச்சம் அது.

கோட்டுக்கு மேலே இருந்த காடு பிழைச்சதுக்கும் ஏரிதான் காரணம். பீர்மேடு மலையெல்லாம் அந்தச் சமயத்தில் தேயிலைத் தோட்டமா மாறிக்கிட்டிருந்தது. ஏரியைச் சுத்தியிருந்த காட்டை 1899-ல் காப்புக் காடாக்கினாங்க. 1934-ல் அதே காடு நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயம் ஆச்சு, 1978-ல் புலிகள் காப்பகம் ஆச்சு. டோப்போ ஷீட்டில் மேற்கே தோட்டமும் வீடும் ரோடுமா நெருங்கி வந்து, ஏரியை ஒட்டின பச்சையில் வந்து நிக்குது பாருங்க, அந்த ஓரம் இப்படி வந்ததுதான்.

சரி, எண்களுக்கு வருவோம். 104, 136, 142, 152, 155. எங்களுக்கு இது அஞ்சும் மனப்பாடம்.

104-க்குக் கீழே தண்ணி இருந்தா எங்களுக்கு அது இல்லாத மாதிரிதான். சுரங்கத்துக்குத் தண்ணி ஏறாது. அணையில் நூறு அடி தண்ணி நிக்கும், எங்க நாத்தங்கால் காயும். பெரிய கிணத்தில் வாளி எட்டாத மாதிரி. 136 என்பது உபரி நீர் வழிந்து போற மதகோட அடிமட்டம். அதுக்கு மேலே ஷட்டரை இறக்கித்தான் தேக்கணும். 152 முழுக் கொள்ளளவு. 155 குத்தகைக் கோடு.

1979-ல் அணை பலமா இல்லைன்னு கேரளா சொன்னதும், பலப்படுத்துற வரைக்கும்னு சொல்லி 136-க்கு இறக்கினாங்க. பலப்படுத்தின பிறகும் ஏறலை. 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 வரைக்கும் தேக்கலாம்னு சொன்னது. கேரளா உடனே சட்டம் போட்டு அதைத் தடுத்தது. 2014 மே 7-ம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொல்லி, 142-ஐ உறுதி செஞ்சது. அந்த நவம்பரில் தண்ணி 142-ஐத் தொட்டப்ப முப்பத்தஞ்சு வருஷம் ஆகியிருந்தது. எங்க ஊரில் வெடி போட்டாங்க, இனிப்புக் கொடுத்தாங்க. ஆறு அடி தண்ணிக்கு இவ்வளவு ஆட்டமான்னு வெளியூர்க்காரங்க சிரிச்சிருக்கலாம்.

சிரிக்கிறவங்க கணக்கைப் பார்க்கணும். பள்ளத்தாக்கு கீழே குறுகல், மேலே அகலம். அதனால் மேலே போகப் போக ஒவ்வொரு அடிக்கும் தண்ணி கூடும். 104-லிருந்து 136 வரைக்கும் 32 அடிக்கு ஆறு டிஎம்சி சொச்சம். 136-லிருந்து 142 வரைக்கும் வெறும் ஆறு அடிக்கு ஒன்றரை டிஎம்சி. 142-லிருந்து 152 வரைக்கும் பத்து அடிக்கு மூணு டிஎம்சிக்குச் சற்றுக் குறைவு. கோட்டுக்குப் பக்கத்தில், எட்டாயிரம் ஏக்கரிலும் ஒரே ஒரு அடி தண்ணி நின்னா, 34 கோடிக் கன அடிக்கும் மேலே. மூணு அடி சேர்ந்தா ஒரு டிஎம்சி தாண்டிடும். பரம்பு அடிச்ச வயலில் ஒரு சாண் வரப்பை உசத்தினா என்ன நடக்கும்னு தெரிஞ்சவனுக்கு இது புதுசில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் இதை நம்பி 14,707 ஏக்கர் இரு போகம் நெல். ஜூன் மாசம் தண்ணி திறப்பாங்களா, ரெண்டாம் போகம் கரையேறுமான்னு நாங்க பார்க்கிறது அந்தக் கடைசி அடிகளைத்தான். எங்களுக்குக் கீழே திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் இருக்கு. முத்திருளப்ப பிள்ளையோட ஊருக்குப் போறப்ப அந்த அடியில் எவ்வளவு மிச்சமிருக்கும்னு அவங்களைக் கேளுங்க.

அதே வரைபடத்தில் அணைக்குக் கீழே நீலக் கோடு வல்லக்கடவு, வண்டிப்பெரியாறுன்னு இறங்கிப் போகுது. அங்கே பழுப்புக் கோடுகள் ஆத்தோட ரெண்டு பக்கமும் நெருக்கமா நிக்குது, வீடுகள் நடுவில். ராத்திரி மழை கொட்டுறப்ப அங்கே இருக்கிறவனுக்குத் தூக்கம் வராதுன்னா, அந்தப் பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். அங்கே தோட்டத்தில் வேலை செய்யறதில் நம்ம பக்கத்து ஆளுங்களும் நிறைய. 2011 டிசம்பரில் குமுளி ரோட்டில் ரெண்டு பக்கமும் நின்னு கத்தின கூட்டத்தில் இந்த வரைபடத்தை முழுசாப் பார்த்தவங்க எத்தனை பேர் இருந்தாங்கன்னு தெரியலை. அணை பலமா இல்லையாங்கிறது பொறியாளர்கள் சோதனை பண்ணிச் சொல்ல வேண்டியது. நிபுணர்கள் சோதிச்சாங்க, நீதிபதி ஆனந்த் தலைமையில் குழு போட்டுப் பார்த்தாங்க, பலமா இருக்குன்னு சொன்னாங்க. நான் அதை ஏத்துக்கிறேன். ஏத்துக்காதவனோட சண்டை போட எனக்கு நேரமில்லை, நடவு கிடக்கு.

அந்தப் பழைய கோடு இன்னும் வழக்கில்தான் இருக்கு. தேக்கடிக்குப் போற வழியில் ஆனவச்சாலில் கேரள வனத்துறை கட்டின பெரிய கார் நிறுத்துமிடம் 155 அடிக் கோட்டுக்குக் கீழே, குத்தகை நிலத்துக்குள்ளே வருதுன்னு தமிழ்நாடு வழக்குப் போட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றம் இந்திய நில அளவைத் துறையையே போய் அளக்கச் சொன்னது. 1886-ல் இழுத்த கோட்டை இன்னிக்குக் கருவியோட தேடிக்கிட்டு ஆளுங்க திரும்பக் காட்டுக்குள்ளே போனாங்க. ஆக்கிரமிப்பு இல்லைன்னு அறிக்கை வந்தது, தமிழ்நாடு ஆட்சேபணை சொன்னது. ஒரு அடி கூடினாலும் குறைஞ்சாலும் சமதளமான இடத்தில் கோடு ரொம்ப தூரம் நகர்ந்துடும், அதான் சிக்கல்.

தம்பி, அடுத்த தடவை தேக்கடியில் படகு ஏறினா யானையை மட்டும் தேடாதீங்க. கரையைப் பாருங்க. தண்ணி ஓரத்தில் சிவப்பா மண் தெரியும், அது இந்த வருஷம் தண்ணி ஏறி இறங்கின அளவு. அதுக்கு மேலே பச்சைப் புல்வெளி, காட்டெருமையும் மிளாவும் மேயும். அதுக்கும் மேலேதான் அடர்ந்த காடு தொடங்கும். 1979-க்குப் பிறகு 142-க்கு மேலே தண்ணி தேக்க விடாததால், தண்ணிக்குன்னு ஒதுக்கின நிலத்தில் ஒரு பகுதி அப்படியே புல்லும் புதருமா கிடக்கு. அந்தப் புல்லுக்கும் சேர்த்துத்தான் தமிழ்நாடு இன்னும் ஏக்கருக்கு 30 ரூபாய் வாடகை கட்டுது.